உடல்நிலை காரணமாக

டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் பெரிய சமாதானவாதி. எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் தினமும் சாயங்காலம், என் மனைவிக்கு மட்டும் கேட்கும்படி, போருக்கு எதிராக அனல் பறக்கப் பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "இதை ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல சொல்லுங்கோளேன்" என்றாள். சொல்கிறேன் என்று வாயை விட்டேன்.

மீட்டிங் என்பது லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம். நான் செயலாளர். மினிட்ஸ் எழுதுவதும் காபிக்குச் சொல்வதும் என் பொறுப்பு. காபி இதுவரை தப்பாகப் போனதில்லை.

டிவிக்காரர்கள் அந்த வாரம் ஆட்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். சண்டை தொடரட்டும் என்பவர் உறுதியானவர். போதும் என்பவர் மென்போக்காளர். இட்லியைத் தவிர வேறெதையும் மென்மை என்று சொன்னால் அது பாராட்டு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மென்போக்குக்கு ஒரு படி கீழே புறா, அதற்கும் கீழே கோழை, கடைசிப் படியில் துரோகி. நாம் வாயைத் திறந்தால் போதும், எந்தப் படி என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் தீர்மானத்தைப் படித்தார். இறுதி வெற்றி வரை போர் நிற்கக் கூடாது என்று சங்கம் வலியுறுத்துகிறதாம். நான் எழுந்து, "கூடவே, சண்டை சீக்கிரம் நிக்கணும்னும் ஒரு வரி..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன ஓய், நீர் புறாக் கட்சியா?" என்றார் தலைவர்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. கையில் பேனா இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை, அதுவும் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டாவது வரிசையில் எங்கள் கீழ்வீட்டு அம்மாளும் தூக்கவில்லை. அவருடைய ஒரே பிள்ளை ராணுவத்தில், எல்லையில் இருந்தான். இரண்டு கையாலும் மடியில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏகமனதாகன்னு எழுதும். உம்ம கீழ்வீட்டு அம்மா வழிமொழிஞ்சதாப் போடும். ராணுவ வீரனோட தாயார்னா அதுக்கு ஒரு கம்பீரம்."

எழுதினேன். என்னை என்னவென்று எழுதுவது என்பதில்தான் சிக்கல். 'எதிர்த்தார்' என்றால் துரோகிப் படி. 'நடுநிலை வகித்தார்' என்றால் மென்போக்கு. பேனாவை மூடித் திறந்து, கடைசியில், "செயலாளர் உடல்நிலை காரணமாக வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை" என்று எழுதினேன். அன்றைக்கு நான் மூன்று வடை சாப்பிட்டிருந்தேன். என் மனைவியிடம், எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் சண்டை நின்றுவிட்டது. வழக்கப்படி போன மாத மினிட்ஸை நான் உரக்கப் படித்தேன், சபை அங்கீகரித்தது. எல்லோரும் காபிக்கு எழுந்துபோன பிறகு கீழ்வீட்டு அம்மாள் என் மேஜைக்கு வந்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"எனக்கும் உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்கலாமே அண்ணா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், அங்கீகரித்த மினிட்ஸைத் திருத்த வேண்டுமானால் பதினைந்து நாள் முன்னறிவிப்போடு தனித் தீர்மானம் வேண்டும் என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்கு அவன்கிட்டேந்து போன் வந்து ஆறு நாள் ஆயிருந்தது. நீங்க எழுந்து, சண்டை நிக்கணும்னு ஆரம்பிச்சேளே, எனக்கு அப்பத்தான் மூச்சே வந்தது. முடிப்பேள் முடிப்பேள்னு பாத்துண்டே இருந்தேன்."

காபி ஆறிப்போகிறது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் போகவில்லை.