எக்கோ சார் திட்ட மாட்டார்

“தக்காளி அடுக்கியிருக்கிற அழகே தனி,” என்று காய்கறிக்காரரிடம் தொடங்குகிறார் என் அத்தான். “நேத்து வாங்கினதில நாலு அழுகல். ஆனா உங்க சிரிப்பு இருக்கே, அதுக்காகவே திரும்ப வரலாம்.” குறை சொல்வதானால் முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு வைத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. காய்கறிக்காரர் சிரிக்கவில்லை. “அழுகினதைக் கொண்டாந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பேன் சார். புகழ்ச்சிக்கெல்லாம் மாத்த முடியாது.” அத்தான் நன்றி சொல்லி, அதே கடையில் இன்னும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வருகிறார்.

மனிதர்களோடு பழகக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வங்கி, துணிக்கடை, மருத்துவமனை வரவேற்பறை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். எதிரே இருப்பவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லி, ‘சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?’ என்று கேட்க வேண்டும். பதில் சொல்லும் முன் மூச்சை ஒருமுறை இழுத்து விட வேண்டும். ‘கூடாது’, ‘வேண்டாம்’ என்றெல்லாம் யாரிடமும் சொல்லவே கூடாது. வகுப்புக்கு வந்தவர்கள் வைத்த பெயர் எக்கோ சார். அது அவர் காதுக்கும் வந்தது. “பாடத்தைக் கவனிச்சிருக்காங்க,” என்று பூரித்துப் போனார்.

தொலைபேசியில் அந்த மூச்சு பெரும் தொல்லை. இணைப்பு போய்விட்டதென்று பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். “லைன் கட்டா, மனுஷன் கட்டா?” என்பாள் அவர் மனைவி, என் அக்கா. கடைசி மாதங்களில் அவள் வலி தாங்காமல் முனகியபோதும், கட்டிலோரம் குனிந்து, “ரொம்ப வலிக்குதுன்னு சொல்றே. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?” என்று கேட்டார். “புரிஞ்சவரைக்கும் போதும் சாமி, மாத்திரையை எடுங்க,” என்று அந்த வலியிலும் சிரித்தாள். அவர் பேச்சுக்குப் பொழிப்புரை சொல்ல அந்த வீட்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அக்கா போன பிறகு அவள் துணிமணிகளைப் பிரித்து வைக்க நான் போயிருந்த வாரம், மகள் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் தோழிகளோடு தங்கப் போகிறாளாம். அத்தான் மூச்சை இழுத்து விட்டார்.

“தனியா இருந்து பார்க்கலாம்னு தோணுது. அப்படித்தானே?”

“ஆமாப்பா.”

“யோசிச்சு முடிவெடுக்கிற பொண்ணு நீ.”

அவள் சமையலறைக்கு வந்து என்னிடம் பொரிந்தாள். “கஸ்டமருக்குச் சொல்ற மாதிரியே சொல்றாரு சித்தி! ஒரு தடவை, ஒரே தடவை திட்டட்டும். போகாதேடின்னு கத்தட்டும். பெட்டியைப் பிரிச்சிடுவேன்.”

அதை அப்படியே அவரிடம் போய்ச் சொன்னேன். முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது.

“போகாதேன்னா அது கட்டளைம்மா. அவ முடிவை மதிக்கணும் இல்லியா?”

“மதிச்சு என்ன அத்தான் பண்ணப் போறீங்க, இந்த வீட்ல தனியா?”

“தனியா என்ன பண்ணப் போறேன்னு கவலைப்படறே,” என்றார். சரியாகப் புரிந்துகொண்டாரா என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சி வந்து வாசலில் நின்றது. கூடத்தில் அவள் பெட்டி. “வரேம்பா,” என்றாள். அத்தான் மூச்சை இழுத்தார். விடக் காணோம்.

“நீ சாமானெல்லாம் எடுத்து வச்சிருக்கிற நேர்த்தி…” என்று தொடங்கினார்.

“அப்பா, வண்டி நிக்குது. சொல்றதுன்னா சொல்லுங்க.”

வெளியே ஹாரன் அடித்தது. அவள் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினாள்.

அத்தான் முந்திக்கொண்டு பெட்டியைத் தரையில் படுக்க வைத்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.