குழிவேலை

மூன்று மாதம் சபையில் யாரும் சற்குணத்திடம் பேசவில்லை. விரோதம் ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ராஜபாளையத்தில் மில்லை மூடிய பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ரிப்பேர் வேலை கிடைத்து, ஆனி மாதம் மனைவி கிருபாவதியோடு திருச்சுழி சாலையில் வீடு பிடித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு தவறாமல் இருவரும் ஆராதனைக்குப் போனார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லோருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது பதிவேட்டோடு சரி. செயலாளர் மருதுபாண்டி, கோயிலைக் கவனிக்கும் கோயில் பிள்ளை செல்லப்பாண்டி என்று வீட்டுப் பெயர்தான் புழக்கம். மழைக்காக ஜெபிக்கும்போது மொத்த சபையும் எழுந்து நிற்கும். நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது உட்கார்ந்துவிடும். ராஜபாளையத்தில் அதற்கு முழங்கால் போடுவார்கள். முதல் ஞாயிறு சற்குணம் முழங்காலில் இறங்கிவிட்டு, சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மெல்ல எழுந்துகொண்டார்.

அந்த ஜெபம் அவருக்கு வேண்டியிருந்தது. கிருபாவதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் விருதுநகர் பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொண்டு, சாயங்காலம் அவர் தோளைப் பிடித்தபடி இறங்குவாள். சபையில் அவர்கள் அதைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்திருக்கலாம்.

புரட்டாசி கடைசி ஞாயிறு, மருதுபாண்டியின் மனைவி சந்தனம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து நேரே கிருபாவதியிடம் வந்தாள்.

"தோத்திரம்க்கா. ஒடம்புக்கு எப்படி இருக்கு?"

கிருபாவதி சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம்மாள் அவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தித் தோளோடு தோள் வைத்துப் பார்த்தாள்.

"நானே குட்டை. எனக்கும் காதுக்குக் கீழதான் வாரீக."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிருபாவதியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், "எல்லாரும் நல்ல மாதிரிங்க. நாமதான் ஒதுங்கி நின்னுட்டோம்" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அன்று அவளே உலை வைத்தாள்.

ஐப்பசி இரண்டாவது வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஞாயிறு ஆராதனை முடிவில் செயலாளர் எழுந்து, "வார சனிக்கிழமை குழிவேலை. வீட்டுக்கு ஒரு ஆம்பள. கடப்பாரை இருக்கவுக கொண்டாரணும்" என்று வாசித்தார். மரக்கன்று நடுவதற்காக்கும் என்று சற்குணம் நினைத்தார்.

"கூப்டுருக்காகளே, போயிட்டு வாங்க" என்றாள் கிருபாவதி. "யார்ட்டயும் மொறச்சுக்கிறாதீக. நமக்கு இனி இவுகதான்."

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் பதினாறு பேர் கூடியிருந்தார்கள். செல்லப்பாண்டி ஈர மண்ணில் சுண்ணாம்புத் தூளால் நான்கு கட்டங்கள் போட்டிருந்தான். சற்குணத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்ப யாரு தவறிட்டாக?"

"யாரும் இல்ல அண்ணாச்சி" என்றார் மருதுபாண்டி. பருத்திக் கமிஷன் கடைக்காரர். எதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். "மேல ஒண்ணரை அடி கரிசல். அதுக்குக் கீழ பூராம் சுக்கான் பாறை. கோடையில கடப்பாரையப் போட்டா திருப்பி நம்ம மூஞ்சிக்கு வரும். ஒரு சித்திரையில ரெண்டு நாளாத் தோண்டுனோம். வீட்ல பொணம் தாங்கல. அன்னையில இருந்து ஈரம் இருக்கப்பவே வருசத்துக்கு வேண்டியதைத் தோண்டிக் கல்லுப் போட்டு மூடிருவோம்."

"எத்தனைன்னு எப்படித் தெரியும்?"

"கமிட்டியில பேசுவோம்."

"குழி மிஞ்சிட்டா?"

மருதுபாண்டி செல்லப்பாண்டியைப் பார்த்தார். செல்லப்பாண்டிதான் சொன்னான். "ஒருக்க மிஞ்சுச்சு அண்ணாச்சி. அந்த வருசம் மழை இல்ல. ரெண்டு வருசம் இல்ல. அதுக்குப் பெறகு மிஞ்ச விட்றதில்ல."

யாரோ இருமினார்கள்.

நான்கு கட்டங்களில் மூன்று ஒரே நீளம். ஓரத்தில் இருந்த நான்காவது குறைவு. அதைக் காட்டி மருதுபாண்டி, "அண்ணாச்சி புதுசு. சின்னதைக் குடுங்க. வேலை கொறச்சல்" என்றார். அவர் முகத்தில் உண்மையான பரிவு இருந்தது.

"பிள்ளைக்கு உள்ளதா?" என்று கேட்டார் சற்குணம்.

"பிள்ளைக்குன்னா நாலடி" என்றான் செல்லப்பாண்டி. "இது அஞ்சே கால்."

கையில் கணுக் கணுவாக அளவு வெட்டிய மூங்கில் கோல் வைத்திருந்தான். அதை வைத்துக் கட்டத்தை ஒருமுறை அளந்து காட்டினான். சற்குணத்துக்குக் கிருபாவதியின் உயரம் தெரியும். நாலே முக்கால். பெட்டிக்கு அரையடி விட்டால் கணக்குச் சரியாக இருந்தது.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் செவ்வாயும் வெள்ளியும் வரும், மறு ஞாயிறும் வரும். சந்தனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதன் பிறகு ஒருநாள் குழி கேட்டு இதே மருதுபாண்டியின் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கும். சற்குணம் சட்டையைக் கழற்றி வேலிமுள்ளில் மாட்டினார்.

கரிசல் வெண்ணெய் மாதிரி வந்தது. பக்கத்துக் குழிகளில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

"ஏலே, மண்ணை அந்தப் பக்கம் தள்ளிப் போடு. திரும்பப் போடணும்ல."

"இந்தக் குழிக்காரர் கொஞ்சம் கனம்டா. அகலத்தைக் கூட்டு."

"பேரைச் சொல்லாதலே. காதுல விழுந்தா ஆராதனைக்கே வரமாட்டாரு."

சற்குணம் முழங்காலளவு இறங்கியதும் சுக்கான் தட்டியது. ஈரத்தில் அது பொருக்குப் பொருக்காக உடைந்தது. மார்பளவு இறங்கி அடிமட்டம் சமமானதும் அவர் நிறுத்தவில்லை. தலைமாட்டுப் பக்கம் திரும்பி, சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் கடப்பாரையைப் போட்டார்.

"அண்ணாச்சி, கோட்டைத் தாண்டிட்டீக" என்றான் செல்லப்பாண்டி.

அவர் திரும்பிப் பார்க்காமல் இன்னும் ஒரு குத்துப் போட்டார். முப்பது வருஷம் மில் இரைச்சலில் காது மந்தமான ஆள் என்று அவன் நினைத்திருக்கலாம். குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னான். மண் சரிந்து விழுந்தது. அதை அள்ளி வெளியே போட்டார். மறுபடி குத்தினார். இது அவளுக்குப் பொருந்தக்கூடாது. அது ஒன்றுதான் மனத்தில் ஓடியது. ஐந்தரை. ஆறு. உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியது.

மற்ற மூன்று குழிகளும் முடிந்தன. ஆட்கள் தூக்குவாளியில் வந்த டீயைக் குடித்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து விளிம்பில் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. மருதுபாண்டி மட்டும், "விடுங்கடா, அவுக பிரியம்" என்றார்.

நடுப்பகல் தாண்டி சற்குணம் நிமிர்ந்தார். செல்லப்பாண்டி உள்ளே குதித்துக் கோலைக் கிடத்தினான். கோல் போதவில்லை. மிச்சத்தைச் சாணால் அளந்தான். பிறகு அவருக்கு முன்னால் நின்று, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தான். சபையிலேயே அவர்தான் நெட்டை. அவனுக்கு அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது.

"அண்ணாச்சி" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "இந்த நீளத்துக்கு இங்க வேற ஆள் இல்ல."

"தெரியும்."

"ஒருக்கத் தோண்டிட்டா தூர்க்க மாட்டோம்."

"தூர்க்க வேண்டாம்."

மேலேயிருந்து நான்கைந்து கைகள் நீண்டு அவரைத் தூக்கிவிட்டன. ஒருவன் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். இன்னொருவன் அவருக்கென்று எடுத்துவைத்திருந்த டீயை நீட்டினான். ஆளாளுக்கு அவர் பேர் சொல்லித் தோத்திரம் சொன்னார்கள். நான்கு மாதத்தில் அத்தனை பேரும் அவரிடம் பேசியது அன்றுதான்.

பிறகு கற்களைத் தூக்கி வந்து குழிகளை மூடினார்கள். கடைசிக் குழிக்குப் பழைய அளவுக்கு ஐந்து பலகைக் கல் கொண்டுவந்திருந்தார்கள். கால்மாட்டிலிருந்து வரிசையாகப் போட்டு வந்ததில் தலைமாட்டில் ஒன்றேகால் அடி திறந்து நின்றது.

"ஒரு கல்லு கொறையுது" என்றார் மருதுபாண்டி. "திங்கக்கிழமை லோடு வருது. போட்றலாம்."

சற்குணம் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த இடைவெளி ஓரம் நின்றார். உள்ளே அடிமட்டத்தில் அதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.