மருந்து வாடை

ஜாசின் ஊருக்குப் பக்கத்திலுள்ள செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறேன். களைக்கு மருந்து அடித்து விரல்களில் தோல் உரிகிறது. குன்றுச் சரிவில் ஒரு காய்கறித் தோட்டம் தெரிகிறது. ஏறிப்போய் வேலை கேட்கிறேன். தோட்டத்துக்காரர் மேரியக்கா முதலில் சாப்பிடச் சொல்கிறார். அவித்த மரவள்ளியும் மிளகாய் அரைத்த சம்பாலும், அப்போதே பறித்துக் கழுவிய வல்லாரையும்.

"முன்ன என்ன வேலை, தம்பி?"

"எஸ்டேட்ல மருந்து அடிச்சேன்க்கா."

அவர் முகம் மாறுகிறது. முன்பு இங்கே வேலைக்கு இருந்த ஆள் அவருக்குத் தெரியாமல் கீரைக்கு மருந்து அடித்துவிட்டானாம். பாத்தி முழுவதையும் பிடுங்கிப் புதைத்துவிட்டு, புக்கிட் காத்தில் ஊரிலிருந்து கீரை வாங்க வருகிறவர்களுக்கு அவரே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அவர்களில் பாதிப் பேர் இன்னும் வாங்கத் திரும்பி வரவில்லை.

"புழு வந்தா என்ன செய்வே?"

பாத்தியைப் பார்க்கிறேன். இலையெல்லாம் ஓட்டை.

"கையால எடுப்பேன்."

"சும்மா சொல்லாத லா! இடுப்பு ஒடிஞ்சிடும்."

"மருந்துப் பம்பு சுமந்த இடுப்புதானே, அக்கா."

சிரித்துவிடுகிறார். "சரி, சாப்பிட்டுக் குளி. அந்தச் சட்டையோட பாத்திப் பக்கம் வராத. வாடை அடிக்குது."

மறுநாள் விடிந்ததும் வேறு சட்டையில் குந்தியிருக்கிறேன். ஒவ்வோர் இலையாகத் திருப்பி, புழுவைப் பொறுக்கிப் பால் டின்னில் போடுகிறேன். டின்னைப் பார்த்துக் கோழிகள் கூடவே வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் மேரியக்கா, நான் தொட்ட இலைகளை முகர்ந்து பார்த்தபடி வருகிறார்.