இரண்டு விளக்குக் கண்ணாடிகளும் கிள்ளைக் கொசுவும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கடலூரில் பூச்சிமருந்துக் கடை, அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பு, மாடி வீடு எல்லாம் யாரிடமும் கைநீட்டாமல் நானே உண்டாக்கியவை. ஆனால் நான் மார்தட்டிக்கொள்வது அவற்றுக்காக இல்லை. இரண்டு அரிக்கேன் விளக்குக் கண்ணாடிகளுக்காக!

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் வீடு வீடாகக் கொசுவுக்கு டி.டி.டி. அடிக்கும் வேலை எனக்கு. நான் அடித்தால் பரண் மூலைகூடத் தப்பாது. முதல் இரண்டு வருடம் கொசு கொத்துக்கொத்தாக விழுந்தது. மூன்றாம் வருடம், மருந்து ஈரம் காய்வதற்குள் அதே சுவரில் வந்து உட்கார்ந்தது.

"இன்னா மாமா, கொசுவுக்குப் பவுடர் பூசி வுட்டுட்டுப் போறியா?" என்றாள் மீன்கூடைக்காரி ஒருத்தி. தெருவே சிரித்தது. எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"மருந்த வித்துட்டு சுண்ணாம்பத்தான கரைச்சி அடிக்கிற? திங்கக்கிழமையிலேர்ந்து வராத."

வேலை போனால் போகட்டும். திருடன் என்ற பெயரோடு எப்படி வீட்டுக்குப் போவது?

என் வாளி மருந்தில் காகிதத்தைத் தோய்த்து உலர்த்தி, விளக்குக் கண்ணாடிக்குள் சுருட்டி வைத்து, ஊர்க் கொசுவைப் பிடித்து அடைத்து, இரண்டு முனையிலும் துணி கட்டி மூடினேன். சாகவில்லை! எனக்கே மருந்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேடிக்கை பார்த்த படகுக்காரர் ஒருவர்தான் சொன்னார்:

"உப்பங்கழிக்கு அந்தாண்ட எங்க குப்பத்துக் கொசுவுக்குக் குடுத்துப் பாரு மச்சான். அது உன் மருந்த மோந்தே பாத்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவர் படகிலேயே போய்ப் பிடித்து வந்தேன். திங்கள் காலை இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இரண்டு கண்ணாடிகள். ஒரே காகிதம், இரண்டாகக் கிழித்தது. ஒன்றில் குப்பத்துக் கொசு, இன்னொன்றில் கிள்ளைக் கொசு. மதியத்துக்குள் குப்பத்துக் கொசுவெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிட்டன. கிள்ளைக் கொசு பாடிக்கொண்டிருந்தது! நம்பாமல் இன்ஸ்பெக்டர் துணிமூடிமேல் விரலை வைத்தார்.

"ஐயோ, கடிக்குதுய்யா!"

அவர் துள்ளினார், நான் அவரைவிட உயரத் துள்ளினேன்.

அன்றே என்னைச் சிதம்பரத்தில் ஒரு பேராசிரியரிடம் அழைத்துப்போனார். பேராசிரியர் இரண்டு கண்ணாடிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து கொசுவ மாத்தல. ஏதோ ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே அத தாங்கற மாதிரி பொறக்கும். மத்ததெல்லாம் செத்துட்டா, அதுங்க வாரிசுதான ஊரு பூரா நிறையும்? நீ மூலைமுடுக்கு விடாம அடிச்சதாலதான் இவ்ளோ சீக்கிரம் நிறைஞ்சிருக்கு" என்றார். கேட்டீர்களா? ஏமாற்றி அடித்ததால் இல்லை, ஒழுங்காக அடித்ததால்! இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். என் வேலை நிலைத்தது; மறுவருடம் மருந்தையே மாற்றினார்கள்.

மேலே போன அறிக்கையில் இன்ஸ்பெக்டர் பெயர் மட்டும்தான் இருந்ததாம். இன்றும் என் கடைக்கு வந்து மருந்து போலி என்று சண்டை போடுகிறவரிடம் நான் கோபப்படுவதில்லை. பூச்சியைப் பிடித்து வரச் சொல்கிறேன், யார் திருடன் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் கிள்ளையில் மருந்து மாறிய கதையை இனி யார் எழுதினாலும், அந்தக் கண்ணாடிகளுக்குத் துணி கட்டியது என் கை என்று ஒரு வரி சேர்த்தே ஆகவேண்டும்.