பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்

நானும் செல்வனும் ஒரே ஊரிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். கார்களில் ஆடியோ மாட்டுவது அவன் தொழில். என் பழைய காருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கியபோது, வேறு ஆளிடம் கொடுத்தால் அவன் வருத்தப்படுவான் என்று அவனிடமே கொடுத்தேன். மாட்டியதிலிருந்து பாட்டு அடிக்கடி நின்றது. ஒவ்வொரு முறையும் பேட்டரி பக்கத்தில் இருக்கும் பியூஸ் போயிருக்கும். மூன்றாவது முறை வந்து பார்த்தவன், "இனி போவாது மாப்ள" என்றான். போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம். காரில் இடம் இருந்தும் செல்வன் மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். "அவளுக்கு கார்ல போனா வாந்தி வரும்" என்றான்.

விதுரா ஊரைத் தாண்டியதும் பின் சீட்டில் என் மகளின் காலடி விரிப்பிலிருந்து புகை வந்தது. காரை நிறுத்தி அவளை வெளியே இழுத்துப் போட்டேன். எதிர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடிவந்த மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பியூஸ் கூட்டைத் திறந்தார். உள்ளே பியூஸ் இல்லை. வளைத்துச் செருகிய ஒரு செம்புக் கம்பி இருந்தது.

"ஆம்ப்ளிஃபையர் ஒயர் சீட்டு இரும்பில உரசி ஷார்ட் ஆவுது. அதுக்குத்தானே பியூஸ் போனது. கம்பி வெச்சா தீப்பிடிக்கும், கேட்டோ" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

பின்னால் வந்து நின்ற செல்வன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "சும்மா சும்மா பாட்டு நின்னா நீ என்னையத்தானல கூப்பிடுவ" என்றான். சோம்பேறித்தனம் என்று அதையும் மன்னித்திருப்பேன்.

அவன் மனைவியிடம், "வாந்தி வந்தாலும் பரவாயில்ல, எல்லாரும் ஒண்ணா பஸ்ல திரும்பிருவோம்" என்றேன்.

"எனக்கு வாந்தியெல்லாம் வராதுண்ணே. அந்தக் கார்ல ஏறாதன்னு இவங்கதான் சொன்னாங்க."

இப்போது என் காரில் பாட்டு இல்லை. அன்று காலை என் மகள் ஏறியதும் கார் கதவைச் சாத்திவிட்டவன் செல்வன்தான்.