தட்டத்திலை ரொபி, பொக்கற்றிலை கராம்பு

போன கிழமைக்கு முந்தின கிழமை எங்கடை ஒழுங்கையிலை ஒரு செத்த வீடு. பந்தலுக்கை கதிரையிலை இருந்தம். தட்டம் வந்துது. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு... நான் வழமை மாதிரிப் பாக்காமலே கையை நீட்டி ஒண்டை எடுத்தன்.

பாத்தா — ரொபி.

இஞ்சி ரொபி. முந்தி சிகரெட்டும் சுருட்டும் அடுக்கி வைக்கிற அந்த மூலையிலை, கடதாசி சுத்தின இஞ்சி இனிப்பைக் குவிச்சு வைச்சிருக்கினம்.

செத்தவர் ஆரெண்டு கேக்கிறியளோ? எங்கடை புத்தூரிலை ஆயுள் முழுக்கப் புகையிலை நட்ட மனிசன். பந்தல் போட்டிருந்த வீடு புகையிலையிலை கட்டின வீடு. மூத்த மகனைக் கனடாவுக்கு அனுப்பினதும் புகையிலைதான். அந்த மகன் வந்து வாசலிலை நிண்டு சொல்லுறார் — இந்த வளவுக்கை ஒருத்தரும் சிகரெட், சுருட்டுப் பத்தக் கூடாதாம்.

பெட்டிக்கை கிடந்த மனிசன் எழும்பி வந்து ஒரு சுருட்டுக் கேட்டிருந்தாலும் ரொபிதான் குடுத்திருப்பினம்.

வேறை நாளெண்டா இதை வைச்சே நாலு பேரைச் சிரிக்க வைச்சிருப்பன். அண்டைக்கு ஏலேல்லை. அலுத்துப் போச்சு.

சிகரெட் பத்தாத ஆக்களுக்கு இந்த அலுப்பு விளங்காது. எங்கடை சந்தியிலை சிவம் அண்ணை எண்டு ஒருத்தர் கடை வைச்சிருக்கிறார். சின்ன வயசிலை பாத்திருக்கிறன், கடைத் தூணிலை ஒரு கயிறு தொங்கும், நுனியிலை நெருப்புக் கணகணத்துக்கொண்டு கிடக்கும். வாறவன் போறவன் எல்லாம் அதிலை பத்திக்கொண்டு போவான். இப்ப அதே தூணிலை ஒரு ஸ்ரிக்கர். 'இங்கே புகைப்பொருள் விற்கப்படமாட்டாது.' சனசமூக நிலையத்துப் பெடியள் ஒட்டினது. ஒட்டேக்கை பசை வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? நான்தான். ஆர் கூப்பிட்டாலும் போற பழக்கம்.

இப்ப ஒரு சிகரெட்டுக்கு அடுத்த ஊருக்கு மோட்டார்சைக்கிள் ஓட வேணும். அங்கத்தைக் கடைக்காரன் ரோட்டை ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டு, பேப்பர்த் துண்டிலை சுத்தித் தருவான். என்னவோ நான் கஞ்சா வாங்கிற மாதிரி.

பஸ் நிக்கிற இடத்திலை பத்தலாமோ? அதையும் சொல்லுறன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கிள், கொஞ்சம் அங்காலை நிக்கிறியளோ?" எண்டுது. எனக்கு இன்னும் முப்பது ஆகேல்லை. சிகரெட் பத்தினா நெஞ்சு பழுதாகும் எண்டு பெட்டியிலை படம் போட்டிருக்கிறாங்கள். அங்கிளாப் போவாய் எண்டு ஒரு இடத்திலையும் போடேல்லை.

பிள்ளையிலை பிழை சொல்லேலாது. அதின்ரை மூக்கு. அங்காலை போனன். அங்காலை போனா கோயில் மதில். அதுக்கும் அங்காலை போனா ஆஸ்பத்திரி. ஊரிலை எனக்கு நிக்க இடமில்லை. புகையிலைக்கு மட்டும் ஏக்கர் கணக்கிலை இடமிருக்கு.

இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாத விசயம் ஒண்டிருக்கு. என்ரை கலியாணம்.

எனக்குப் பேசின ரெண்டு சம்பந்தம் ஏற்கெனவே குழம்பிப் போச்சு. ஓ.எல். சோதினை பெயில் எண்டதைப் பொறுத்தவை. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓடுறவன் எண்டதையும் பொறுத்தவை. பேப்பரிலை பத்தி எழுதுறவன் எண்டதைக்கூடப் பொறுத்தவை, பாவங்கள். பத்துறவன் எண்டவுடனை தரகர் கொண்டுவந்த சாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டார்.

அம்மா இதிலை பெரிய ஆராய்ச்சியே செய்து வைச்சிருக்கிறா.

"குடிப்பானோ எண்டு கேட்டா, 'விசேசமெண்டா கொஞ்சம்' எண்டு சொல்லலாமடா. கேக்கிறவையும் தலையாட்டுவினம். பத்துவானோ எண்டு கேட்டா கொஞ்சம் எண்டு என்னெண்டு சொல்லுறது? உன்ரை சேட்டு மணமே சொல்லுது."

மூண்டாவதா வந்ததுதான் நெல்லியடிச் சம்பந்தம். பேர் கௌசி. முன்பள்ளியிலை சின்னனுகளுக்குப் படிப்பிக்கிறவள். பேச்சுத் துவங்கி ரெண்டாம் நாள் எனக்கு ஒரு மெசேஜ் போட்டவள் — 'உங்கடை பத்தியிலை இப்ப எழுத்துப் பிழை குறைவு. ஆர் திருத்தினம்?'

வேறை ஒண்டும் இல்லை. அவ்வளவுதான். அண்டைக்கே எனக்குத் தெரியும், கட்டினா உவளைத்தான்.

ஆனா அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பத்தாத ஆளா இருக்க வேணும். அவளின்ரை தகப்பன் இருமி இருமியே போன மனிசன். தகப்பனுக்குப் பிறகு தாய்மாமன்தான் வளத்தவர். சீதனம், வீடு, வளவு எல்லாம் மாமா கதைக்கட்டுமாம். தனக்கு உது ஒண்டுதானாம்.

அம்மா உடனை சொல்லிப்போட்டா, "என்ரை பிள்ளை தொடவே மாட்டான்." சொல்லிப்போட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே...

இனிச் செத்த வீட்டுக்கு வருவம்.

ரொபியைச் சப்பிப் பாத்தன். அடங்கேல்லை. மெல்ல எழும்பி வளவுக்குப் பின்னாலை போனன். அங்கை செத்தவரின்ரை புகையிலைக் கொட்டில். உள்ளுக்கை கட்டுக் கட்டாப் புகையிலை தொங்குது. அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலை, ஒரு வேப்ப மரத்தடியிலை, வெள்ளை வேட்டி கட்டின ஒரு பெரியவர் ரெண்டு பொக்கற்றையும் தடவிக்கொண்டு நிக்கிறார். வாயிலை சிகரெட்.

"நெருப்பு இருக்கோ தம்பி?"

லைற்றரைக் குடுத்தன். பத்தினார். லைற்றர் நேரை அவரின்ரை சேட்டுப் பொக்கற்றுக்கை போச்சுது. நான் கேக்கேல்லை. பத்துற ஆக்களுக்குள்ளை லைற்றர் அப்பிடித்தான், ஊர் சுத்தும்.

"வீட்டிலை தெரியாது," எண்டார். "டொக்ரர் விடச் சொல்லிப்போட்டார். விட்டிட்டன் எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப ஒளிச்சுத் திரியிறன். இந்த வயசிலை."

"எனக்கும் அதுதான் வேலை ஐயா."

"உமக்கென்ன, இளம் பெடியன். ஓடித் தப்புவீர்."

பொக்கற்றுக்கை கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். கராம்பு. "முடிஞ்சவுடனை ரெண்டைப் போட்டுச் சப்பும். ஒரு நாயும் கண்டுபிடிக்காது. கன வருசமாச் சப்பிறன், என்ரை வீட்டிலை இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு மனுசனிலை ஒரு மரியாதையே வந்திட்டுது.

"இந்த ஊரே ஐயா?"

"இல்லை, நெல்லியடி. செத்த வீட்டுக்கு எண்டு வந்தனான். அதோடை ஒரு பெடியனையும் விசாரிக்க வேணும், மருமகளுக்கு."

உங்களுக்குத் தெரியும்தானே எங்கடை ஆக்களின்ரை முறை. மாப்பிள்ளை விசாரிக்கச் செத்த வீட்டைப் போல இடம் வேறை இல்லை. ஊர் முழுக்க ஒரே பந்தலுக்கை. ஒருத்தருக்கும் அவசரமில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக் கதைச்சு முடிச்சாப் பிறகு, உயிரோடை இருக்கிறவனைப் பற்றி உண்மையைக் கதைப்பினம்.

"லான்ட்மாஸ்ரர் வைச்சிருக்கிற பெடியனாம். பேப்பரிலை என்னவோ எழுதுறவனாம். தெரியுமோ?"

எனக்குப் புகை மாறி உள்ளுக்கை போச்சுது.

கௌசியின்ரை மாமா. அவர் என்ரை படம் பாக்கேல்லையோ எண்டு நீங்கள் கேப்பியள். பாத்திருக்கிறார். அது ஸ்ரூடியோவிலை எடுத்த படம். இரவல் கோட் போட்டு, தாடி வழிச்சு, முகத்தை வெள்ளையாக்கி... அதிலை இருக்கிறது நான் எண்டு எங்கடை அம்மாவே சந்தேகப்பட்டவா.

"தெரியும் ஐயா. நல்ல பெடியன். வாய் மட்டும் கொஞ்சம் கூட."

"வாய் இருந்தாப் பரவாயில்லை. வாயிலை என்ன இருக்கு எண்டதுதான் கேள்வி. பத்துவானோ?"

நான் என்ரை கையைப் பாத்தன். அவரும் தன்ரை கையிலை கிடந்த சாம்பலைத் தட்டிப்போட்டு, மறுமொழிக்கு நிக்கிறார்.

"அப்பிடியொண்டும் கேள்விப்படேல்லை ஐயா."

"அதுதான். காலமை சந்திக் கடையிலையும் விசாரிச்சனான். தன்ரை கடையிலை அவன் ஒரு சிகரெட்டும் வாங்கிறேல்லையாம்."

விக்காத கடையிலை எப்பிடி ஐயா வாங்கிறது? கேக்கேல்லை. கேக்கிற நேரமோ அது?

அந்த நேரம் பாத்துக் கொட்டிலுக்குப் பின்னாலை இன்னொரு ஆள் வருது. சிவம் அண்ணை. காதிலை ஒரு சிகரெட் செருகியிருக்கு.

"அண்ணை, நீங்கள் விக்கிறேல்லை எண்டெல்லே சொன்னனியள்?" எண்டு கேட்டன்.

"விக்கிறேல்லை எண்டுதானே சொன்னனான். பத்துறேல்லை எண்டு சொன்னனானோ?" பெரியவரைக் கண்டார். முகம் மலர்ந்துது. "ஓ... ரெண்டு பேரும் சந்திச்சிட்டியளோ? நல்லது. ஐயா, நீங்கள் காலமை விசாரிச்ச பெடியன் உவன்தான். தீபன்."

பெரியவர் என்னைப் பாத்தார். நான் பெரியவரைப் பாத்தன். சிவம் அண்ணை எங்கள் ரெண்டு பேரின்ரை கையையும் பாத்தார். பாத்துப்போட்டு, காதிலை இருந்த சிகரெட்டை மெல்ல எடுத்து மடிக்கை வைச்சார்.



"தம்பி," எண்டார் பெரியவர் கடைசியா. "நான் உம்மை இஞ்சை காணேல்லை."

"நானும் உங்களைக் காணேல்லை ஐயா."

"நான் கடையிலை நிக்கிறன்," எண்டார் சிவம் அண்ணை.

கராம்புப் பொட்டலத்தை அப்பிடியே என்ரை கையிலை வைச்சுப்போட்டுப் பெரியவர் பந்தல் பக்கம் நடந்தார். வீட்டை போய் என்ன சொன்னவராம் தெரியுமோ? "தங்கமான பெடியன். கிட்ட நிண்டே பாத்தனான்."

எல்லாம் சரி. அம்மா கோயிலிலை அரிச்சனை செய்வித்தா. நான் நிம்மதியா இருந்திருக்க வேணும். இருக்கேல்லை. ஒரு சிகரெட்டைப் பத்த அஞ்சு நிமிசம். அதை ஒளிக்க ஒரு நாள். சேட்டை மாத்து, கையைக் கழுவு, காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு பார், கராம்பைச் சப்பு, அம்மாவோடை தள்ளி நிண்டு கதை. இப்ப ஒரு பெரிய மனிசனையும் பொய்க்குக் கூட்டாளியாக்கியாச்சு. இனி இதை எத்தினை வருசத்துக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நெல்லியடியிலை கோயிலிலை பொம்பிளை பாக்கிறது. அம்மா முன்னாலை பஸ்ஸிலை போனவா. நான் மோட்டார்சைக்கிளிலை போற வழியிலை ஒரு பனையடியிலை நிப்பாட்டி ஒண்டு பத்தினன். மாமாவின்ரை கராம்பிலை ரெண்டு இல்லை, நாலு போட்டன்.

பூசை முடிஞ்சு, தேர்முட்டியடியிலை நிண்டு ரெண்டு பேரும் கொஞ்சம் கதையுங்கோ எண்டு விட்டினம். மாமா தூரத்திலை நிண்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பத்துறேல்லை எண்டு மாமா சொன்னவர்," எண்டாள் கௌசி.

"ஓம்."

"மாமாவும் பத்துறேல்லையாம்."

"ஓம்... நல்ல மனிசன்."

அவள் கொஞ்சம் கிட்ட வந்தாள். மூச்சை இழுத்தாள். "கராம்பு கொஞ்சம் கூடிப் போச்சு. மாமா ரெண்டுதான் போடுறவர்."

நான் வாயிலை கிடந்ததை விழுங்கிப்போட்டன்.

"மாமாவின்ரை சேட்டுத் தோய்க்கிறது நான்தான். பொக்கற் முழுக்கக் கராம்புத் தூள். எங்கடை அப்பாவும் உதைத்தான் சப்பினவர். எனக்கு அந்த வாசம் வந்தாலே தெரியும், ஆரோ பொய் சொல்லப் போயினம் எண்டு."

"மாமாவிட்டை ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"கேட்டு? ஒளிச்சுப் பத்தினா ஒரு நாளைக்கு ரெண்டோடை நிப்பார். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா வீட்டு முத்தத்திலை கதிரை போட்டிருந்து பத்துவார். அதாலை தெரியாத மாதிரி இருக்கிறன்." அவளின்ரை குரலிலை கோவம் இல்லை. என்ரை அலுப்பை விடப் பழைய அலுப்பு ஒண்டு இருந்துது. "ஒருத்தருக்குத் தெரியாத மாதிரி இருந்தே களைச்சுப் போனன். ரெண்டு பேருக்கு என்னாலை ஏலாது."

நான் ஒளிக்கிறதாலை நான் மட்டும்தான் களைக்கிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.

"இப்ப சொல்லுங்கோ. பத்துவியளோ?"

"பத்துவன்."

எத்தினை வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சத்தமாச் சொன்னனோ தெரியாது. சொன்ன இடம் கோயில் வீதி.

அவள் தலையாட்டினாள். "சரி. விட்டிட்டு வாங்கோ. விடேலாட்டி வராதேங்கோ. மாமாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்." ரெண்டு அடி வைச்சுப்போட்டுத் திரும்பினாள். "கராம்பு சப்பிக்கொண்டும் வராதேங்கோ."

வாற வழியிலை அம்மா கேட்டா, "என்னடா சொன்னவள்? பிடிச்சிருக்காமோ?"

"கராம்பு கூடாதாம் அம்மா."

"கறிக்கோ?"

"ம்."

"அதுக்கென்ன, குறைச்சுப் போடுவம்."

அண்டையிலிருந்து விட்டிருக்கிறன். எத்தினை நாள் எண்டு சொல்லமாட்டன், சொன்னா நீங்கள் எண்ணத் துவங்கிவிடுவியள். லான்ட்மாஸ்ரர் சத்தம் கேட்டாலே கோவம் வருது. எங்கடை தோட்டத்திலை புகையிலை முறிக்கிற காலம் வேறை. கை முழுக்கப் பிசின். முகர்ந்து முகர்ந்து பாக்கிறன். சிவம் அண்ணை கண்டிட்டு, "ரொபி வேணுமோடா?" எண்டு கேக்கிறார். உந்தாள் இண்டைக்கும் கொட்டிலுக்குப் பின்னாலைதான் நிண்டவர்.

விடுவன் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். பொய் சொல்லி அலுத்துப் போச்சு எண்டுதானே இவ்வளவும் எழுதினன். விட்டா நெல்லியடிக்குப் போவன். விடேலாட்டி போகமாட்டன். அவ்வளவுதான் கணக்கு.

இதை எழுதலாமோ எண்டு கௌசியிட்டை மெசேஜ் போட்டுக் கேட்டனான். மறுமொழி உடனை வந்துது — 'எழுதுங்கோ. மாமா உங்கடை பத்தி வாசிக்கிறேல்லை.'

அப்பிடியும் தப்பித்தவறிக் கண்ணிலை பட்டா... மாமா, அந்த லைற்றரைத் திருப்பித் தந்திடாதேங்கோ.