அண்ணன் கையில் இருந்த அரிசி

என் சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே ஒரு பிடி அரிசி. சமைக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. அண்ணிக்கு வாய்க்கரிசி போட என் அண்ணன் அள்ளிய அரிசி அது.

அண்ணன் எங்கள் தீவில் ஆயர் ஈத்தாமுக்கும் படகுத்துறைக்கும் இடையே பஸ் ஓட்டியவர். கோபத்தையோ சந்தோஷத்தையோ முகத்தில் காட்டாத மனிதர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, அந்த முகம் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் தேம்புவார். அம்மாவின் திதியன்று படத்தின் முன் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணிதான் அவர் முதுகைத் தடவியபடி, "அவரு அழுறாரும்மா. வெளிய வரும்போது சிரிப்பா வருது. ஸ்ட்ரோக் வந்தா அப்படித்தான்னு டாக்டர் சொன்னாரு லா" என்றார். கட்டியவளின் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதையே நம்பாத அளவுக்கு நான் பெரிய புத்திசாலி.

அந்த அண்ணி போன வருடம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருந்தோம். வாய்க்கரிசி நேரத்தில் அண்ணன் இடக்கையால் அரிசியை அள்ளி, அண்ணியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, அடக்க முடியாத சிரிப்பு. நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த அண்ணியின் தம்பி, "எங்கக்கா மூணு வருஷமா உங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. சிரிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டான். கூட்டம் என்னைப் பார்த்தது. மானம் போகிறதே என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. "வாங்கண்ணே, போதும்" என்று அவரை இழுத்துக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். மூடிய கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அண்ணியை ஏற்றிய வண்டி புறப்பட்டுப் போயிற்று.

பிறகுதான் கையை விரித்தார். வியர்வையில் நனைந்த அரிசி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "போடல, தங்கச்சி" என்றார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் செய்ய வேண்டியிருந்த கடைசிக் காரியத்தை, ஊர் வாய்க்குப் பயந்து நான் கெடுத்தேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

இப்போது அண்ணன் என்னோடுதான் இருக்கிறார். நேற்று மத்தியானம் அலமாரியைத் துடைக்கும்போது டின்னை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அவர் ஒற்றைக் கையால் மூடியைத் திறந்து பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணி தடவியதைப் போல அவர் முதுகைத் தடவினேன்.

"அழுங்கண்ணே" என்றேன்.

அண்ணன் நெடுநேரம் சிரித்தார்.